உயரமானி செயலிழந்த இரவில் அட்லாண்டிக்கைக் கடந்த அமெலியா ஏர்ஹார்ட்

அட்லாண்டிக் பெருங்கடலைத் தன்னந்தனியாக விமானத்தில் கடந்த முதல் பெண் என்ற பெருமைக்குரியவர் அமெலியா ஏர்ஹார்ட். அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்பதே தெரியாமல் அவர் கடந்தார் என்பது அதிகம் அறியப்படாத செய்தி.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள அட்சிசன் நகரில் 1897 ஜூலை 24 அன்று அமெலியா பிறந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில், காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்யும் செவிலியர் உதவியாளராகக் கனடாவின் டொராண்டோ நகரில் பணியாற்றினார். 1920 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் முதன்முறையாக விமானத்தில் ஏறினார். சில நிமிடங்களே நீடித்த அந்தப் பயணம் அவரை விமானியாக்கியது. அடுத்த மாதமே நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சி பெறத் தொடங்கினார். 1922-இல் 14,000 அடி உயரத்தில் பறந்து பெண் விமானிகளுக்கான சாதனையைப் படைத்தார்.

பயணியாகக் கிடைத்த புகழ்

1928 ஜூனில் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் ஆனார். ஆனால் அப்போது விமானத்தை ஓட்டியவர் வில்மர் ஸ்டல்ட்ஸ். மேகமூட்டத்தால் பயணத்தின் பெரும்பகுதியில் கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அந்த வகைப் பயிற்சி அமெலியாவிடம் அப்போது இல்லை. கரையேறியதும் குவிந்த பாராட்டுகளை அவர் தமக்குரியதாகக் கருதவில்லை. தாம் வெறும் சுமையாகவே வந்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறகு கருவிகளைக் கொண்டு பறக்கும் முறையை முயன்று கற்றார்.

மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. காதினுள் உள்ள சமநிலை உறுப்பும் அப்போது ஏமாற்றும். விமானம் சாய்ந்து திரும்பும்போதும் நேராகப் பறப்பதாகவே உடல் உணரும். உடல் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி காட்டுவதை நம்புவதே இந்த முறையின் அடிப்படை. அந்தக் கருவியே பழுதானால், எஞ்சியுள்ள கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மையை அறிய வேண்டும்.

1932 மே 20 இரவு

நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து 1932 மே 20 மாலை, ஒற்றை எஞ்சின் கொண்ட சிவப்பு நிற லாக்ஹீட் வேகா விமானத்தில் அமெலியா தனியே புறப்பட்டார். சார்லஸ் லிண்ட்பெர்க் இதே கடலைத் தனியாகக் கடக்கப் புறப்பட்டு அன்றுடன் சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்தன. பாரிஸ் நகரமே அவருடைய இலக்கு.

சில மணி நேரத்தில் உயரமானி செயலிழந்தது. அவருடைய விமான வாழ்வில் அதுவரை நேராத கோளாறு அது. தொடர்ந்து புயல் சூழ்ந்தது. எஞ்சினின் புகைக்குழாய் இணைப்பில் விரிசல் விழுந்து, அதன் வழியே தீச்சுடர் வெளிப்பட்டது. புயலுக்கு மேலே செல்ல முயன்று ஏறியபோது இறக்கைகளில் பனி உறைந்தது. எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் கருவியும் உறைந்து நின்றது. பனியின் பாரம் தாங்காமல் விமானம் சுழன்றபடி கீழே விழத் தொடங்கியது.

கீழே இருந்த வெப்பமான காற்றில் பனி உருகிய பின்னரே விமானம் அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அப்போது அலைகளின் வெண்நுரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கடல் நெருங்கியிருந்தது. விமானம் ஏறக்குறைய செங்குத்தாக 3,000 அடி விழுந்திருந்ததைப் பதிவுக் கருவி பின்னர் காட்டியது.

அதன்பின் அவருக்கு இரு பக்கமும் அபாயம் இருந்தது. உயரே சென்றால் பனி உறையும். தாழ்ந்தால், உயரமானி இல்லாத நிலையில், மூடுபனிக்குள் கடலில் மோத நேரிடும். எனவே பனி உறையாத ஓர் இடைப்பட்ட உயரத்தைத் தேர்ந்து, திசை காட்டும் சுழற்கருவியை நம்பி விடியும்வரை பறந்தார். காலையில் எரிபொருள் கசிவும் சேர்ந்துகொள்ளவே, பாரிஸ் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டார். வட அயர்லாந்தின் லண்டன்டெரி அருகே கல்மோரில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் பத்திரமாகத் தரையிறங்கினார். பயண நேரம் ஏறத்தாழ 15 மணி. அமெரிக்க நாடாளுமன்றம் வழங்கிய சிறப்புப் பறத்தல் சிலுவை விருதைப் பெற்ற முதல் பெண்ணாகவும் ஆனார்.

இந்திய வான்வழியே இறுதிப் பயணம்

1937-இல் வழிகாட்டுநர் பிரெட் நூனனுடன், இரட்டை எஞ்சின் கொண்ட லாக்ஹீட் எலெக்ட்ரா விமானத்தில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஜூன் மாதத்தில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியிலும், பின்னர் கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலும் இறங்கினார். பர்மாவின் அக்யாபிலிருந்து கிளம்பியபோது, பருவமழையின் சீற்றத்தால் முன்னேற இயலாமல் திரும்ப நேர்ந்தது. பாண்டுங்கில் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்காகச் சில நாள் தங்கினார்.

ஜூலை 2 அன்று நியூகினியின் லே நகரிலிருந்து, பசிபிக்கில் 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஹௌலண்ட் என்ற சிறு தீவை நோக்கிப் புறப்பட்டார். தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலுக்கு அவர் குரல் கேட்டது. ஆனால் கப்பலிலிருந்து பேசியது அவருக்குக் கேட்கவில்லை. வானொலி அலைகளைக் கொண்டு திசை அறியும் முயற்சியும் பலனளிக்கவில்லை. அதன்பின் இருவரையும் எவரும் காணவில்லை. ஜூலை 19 அன்று தேடும் பணி நிறுத்தப்பட்டது. 1939 ஜனவரியில் அமெலியா இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

அட்லாண்டிக்கில் உயரமானி பழுதானபோது அவருக்குத் துணையாக வேறு கருவிகள் இருந்தன. எதிரே ஒரு நீண்ட கடற்கரையும் இருந்தது. எங்கே இறங்கினாலும் அது நிலமே. பசிபிக்கில் தேட வேண்டியிருந்ததோ சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு தீவை. அதைக் கண்டடைய அவர் நம்பியிருந்த வானொலித் தொடர்பு கைவிட்டபோது, அதற்கு மாற்று ஏதும் அவரிடம் எஞ்சியிருக்கவில்லை.