ஹாஜியின் மகன், சீனாவின் கடற்படைத் தளபதி: ஜெங் ஹேயின் வாழ்க்கை

இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு ஒரு பழைய கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. வடிகால் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் இருந்தன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற பெயரில் விஷ்ணுவுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் முஸ்லிம்களின் வழிபாட்டிடத்துக்கும் வழங்கிய காணிக்கைகளைச் சொல்கின்றன. கல்லில் உள்ள தேதி 1409. அதைக் கப்பலில் கொண்டுவந்தவர் சீனாவின் மிங் பேரரசின் கடற்படைத் தளபதி ஜெங் ஹே. அவர் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவர் எப்படிச் சீனப் பேரரசரின் ஆளானார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அவர் 1371இல் சீனாவின் தென்மேற்கு மூலையான யுன்னானில், குன்யாங் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் மா ஹே. சீன முஸ்லிம்களிடையே மா என்ற குடும்பப் பெயர் மிகுதி; நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரின் முதல் ஒலியிலிருந்து வந்தது என்பார்கள். தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்றே அழைக்கப்பட்டவர்கள். மலைகள் சூழ்ந்த யுன்னானிலிருந்து அந்தக் காலத்தில் மக்காவுக்குப் போய்த் திரும்புவது எப்படிப்பட்ட பயணமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குப்லாய் கானின் காலத்தில் யுன்னானை ஆண்ட புகாராவைச் சேர்ந்த ஸையித் அஜல் ஷம்ஸுத்தீன் உமர் இந்தக் குடும்பத்தின் முன்னோர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

யுன்னான் தொடக்கத்திலிருந்தே சீனாவாக இருந்த நிலம் அல்ல. அங்கிருந்த தியன் அரசை ஹான் பேரரசர் வூ கி.மு. 109இல் பணிய வைத்தார். ஆனால் அந்தப் பிடி நிலைக்கவில்லை. பிறகு பல நூற்றாண்டுகள் நன்ஜாவ், தாலி என்ற தனி அரசுகள் அங்கே இருந்தன. 1253இல் மங்கோலியர்கள் தாலியைப் பிடித்தார்கள். அவர்களைச் சீனாவின் மற்ற பகுதிகளிலிருந்து விரட்டிய மிங் வம்சம், 1381இல் கடைசி மங்கோலியப் பிடியான யுன்னானுக்குப் படை அனுப்பியது. மிங் பதிவுகளின்படி 3 லட்சம் வீரர்கள். சில மாதங்களில் யுன்னான் வீழ்ந்தது.

மங்கோலியர்கள் செய்ததைப் படையெடுப்பு என்று எழுதும் சீன வரலாறு, மிங் செய்ததை அடக்கி அமைதிப்படுத்தியதாக எழுதுகிறது. வென்றவர் எழுதும்போது சொல் இப்படித்தான் மாறும். நமக்கும் இது புதிதல்ல. ஒகேனக்கலில் பரிசலில் ஏறினால் எதிர்க்கரை கர்நாடகம்; இந்தக் கரையில் நம் தர்மபுரி. பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனிக்காரர்கள் எழுதிய வரலாற்றில் மைசூர் சுல்தான்கள் பறித்தவர்களாகவும், கம்பெனியார் மீட்டவர்களாகவும் வருவார்கள். பறித்தவரும் மீட்டவரும் வரி வாங்கியது ஒரே உழவரிடம்தான்.

யுன்னான் போருக்கு வருவோம். மா ஹேவின் தந்தை 1382இல் 39 வயதில் இறந்தார். பத்து வயதை ஒட்டிய மகன் மிங் படையிடம் சிக்கினான். போரில் பிடித்த சிறுவர்களை ஆண்மை நீக்கி அரண்மனை வேலைக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். மார்க்கம் வன்மையாகத் தடுத்திருக்கும் அந்தக் கொடுமை ஒரு ஹாஜியின் மகனுக்கு நடந்தது. குடும்பம், ஊர், சந்ததி மூன்றையும் ஒரே போரில் இழந்த அவன், பேரரசரின் மகன் ஜு தியிடம் பணியாளாக ஒப்படைக்கப்பட்டான்.

வடக்கே இன்றைய பெய்ஜிங்கில் இருந்த ஜு தியின் மாளிகையில் வளர்ந்து, அவருடைய போர்களில் உடன் நின்றார் மா ஹே. 1399இல் ஜு தி தன் அண்ணன் மகனான பேரரசருக்கு எதிராகப் படை திரட்டினார். 1402இல் அரியணையைப் பிடித்து யோங்லே என்ற பட்டப்பெயர் சூடினார். அந்த உள்நாட்டுப் போரில் காட்டிய திறமைக்குப் பரிசாக 1404இல் மா ஹேவுக்கு ஜெங் என்ற குடும்பப் பெயரை வழங்கினார். மா என்ற பெயர் அவரை விட்டுப் போனது அப்படித்தான்.

அடுத்த ஆண்டு, 1405இல், முதல் கடற்பயணம். மிங் வரலாற்று நூல் 62 பெரிய கப்பல்களையும் 27,800க்கும் மேற்பட்ட ஆட்களையும் குறிப்பிடுகிறது. 1433 வரை ஏழு பயணங்கள். சாவகம், மலாக்கா, சுமத்ரா, இலங்கை, கொல்லம், கொச்சி, கோழிக்கோடு, ஹுர்முஸ், ஏடன், மொகதிஷு, மாலிந்தி வரை போனார்கள். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டும் பீங்கானும் கொடுத்தார்கள்; மிளகும் முத்தும் கொண்டுபோனார்கள். தூதர்களையும் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் பேரரசரின் முன் பணிந்து காணிக்கை செலுத்த வேண்டும். 1413இல் நான்காம் பயணத்துக்கு முன் ஜெங் ஹே ஷியான் நகரப் பள்ளிவாசலுக்குப் போய் மொழிபெயர்ப்பாளராக ஹஸன் என்பவரைத் தேர்ந்தெடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பயணங்களைப் பற்றி நூல் எழுதிய மா ஹுவானும் முஸ்லிமே.

நம் மேடைகளில் ஜெங் ஹேயைப் பேசும்போது இத்தோடு முடித்துவிடுவோம். கோழிக்கோட்டுக்கு 1498இல் வந்த வாஸ்கோ ட காமாவையும் அவரையும் பக்கத்தில் நிறுத்தி, பீரங்கியோடு வந்தவர் அவர், பரிசோடு வந்தவர் இவர் என்போம். ட காமா 1502இல் ஹஜ் பயணிகளின் கப்பலைத் தீக்கிரையாக்கியவர். ஒப்பீட்டில் நியாயம் உண்டு. ஜெங் ஹே எந்தத் துறைமுகத்தையும் குடியேற்றமாக்கவில்லை. கடல்வழியே ஒரு சாண் நிலத்தையும் சீனாவோடு சேர்க்கவில்லை.

ஆனால் 1407இல் பாலெம்பாங்கில் சென் ஜூயி என்ற கடற்கொள்ளைத் தலைவனின் ஆட்கள் 5,000க்கும் மேற்பட்டோரை அவர் படை கொன்றது. அதே ஆண்டு மிங் பேரரசு இன்றைய வியட்நாமை வென்று தன் மாகாணமாக்கிக்கொண்டது. அந்தப் போரில் ஜெங் ஹே இல்லை என்றாலும், தரையில் நாடு பிடித்தவரும் கடலில் பரிசு அனுப்பியவரும் ஒரே பேரரசர்தான். வியட்நாமியர் இருபது ஆண்டு போராடி அவர்களை வெளியேற்றினார்கள்.

காலிக் கல்லுக்குப் பின்னாலும் ஒரு போர் இருக்கிறது. 1411இல், மூன்றாம் பயணத்தின்போது, இலங்கையில் ஆட்சி செலுத்திய அழகக்கோனாரோடு மோதல் வந்தது. ஜெங் ஹே 2,000 வீரர்களோடு தலைநகருக்குள் புகுந்து அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். மிங் பதிவுகளைப் படித்தால் அழகக்கோனார் நயவஞ்சகர். 50,000 பேரை அனுப்பிக் கப்பல்களைக் கொள்ளையிட முயன்றவர். சீனப் படை தற்காத்துக்கொண்டது. சிங்கள வரலாற்று நூலான ராஜாவலிய நேரெதிராகச் சொல்கிறது. பரிசுகளோடு வருவதாக நடித்து இறங்கிய சீனர்கள் தந்திரமாக அரசரைக் கவர்ந்து சென்றார்கள் என்பது அதன் கூற்று. சீனப் பேரரசர் கைதியை மன்னித்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் இலங்கையின் அரியணைக்கு வேறொருவர் வருவது அதற்குள் முடிவாகிவிட்டது. 1415இல் சுமத்ராவின் முஸ்லிம் அரசான சமுத்திராவின் வாரிசுச் சண்டையிலும் தலையிட்டு, ஸிகந்தர் என்ற எதிராளியைப் பிடித்துச் சென்றார் ஜெங் ஹே.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1411தான். அந்த ஆண்டின் நடுவில் இலங்கைக் கைதிகளைப் பேரரசரிடம் ஒப்படைத்த ஜெங் ஹே, ஆண்டின் கடைசியில் யுன்னானுக்குப் போனார். 1405இல் தந்தையின் கப்ருக்கு அவர் ஒரு கல்வெட்டு எழுத வைத்திருந்தார். அந்தக் கல்லின் பின்புறத்தில் இந்த ஸியாரத் பதிவாகியிருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேல் அங்கே தங்கியிருக்கிறார். கல்லில் தந்தையின் ஹாஜி பட்டம் இருக்கிறது, நற்குணங்கள் இருக்கின்றன, இறந்த நாள் இருக்கிறது. அந்த நாளைச் சூழ்ந்திருந்த போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேரரசரின் அமைச்சர் ஒருவரே எழுதிய வாசகத்தில் அது எப்படி இருக்கும்?

அவருடைய தீன் பற்றியும் கேள்வி எழும். 1417இல் குவான்ஜோவில், ஆரம்பகால முஸ்லிம்களுடையவை எனப்படும் கப்ருகளை அவர் ஸியாரத் செய்தார். அதே ஜெங் ஹே 1431இல் கடல் தேவதைக்கு நன்றி சொல்லிக் கல்வெட்டும் எழுப்பினார். இரண்டும் கல்லில் இருக்கின்றன. பேரரசரின் அடிமையாகப் பத்து வயதிலிருந்து வளர்ந்தவரின் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். முதலாவதை மட்டும் எடுத்துச் சொல்லி இரண்டாவதை மறைப்பது நமக்கு அழகல்ல.

பிற்காலம் அவரைத் தன் வசதிக்கேற்ப எடுத்துக்கொண்டது. பயணங்கள் வீண்செலவு என்று கருதிய அதிகாரிகள் அவற்றின் ஆவணங்களை அழித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியரிடம் சீனா தலைகுனிந்து நின்றபோது, லியாங் சிச்சாவ் அவரைத் தேசிய வீரராக மீட்டெடுத்தார். 2005இல் முதல் பயணத்தின் 600ஆம் ஆண்டைச் சீன அரசு அமைதித் தூதரின் விழாவாகக் கொண்டாடியது. அதே காலத்தில் ஜெஃப் வேட் என்ற ஆய்வாளர், அந்தப் பயணங்கள் படைபலத்தைக் காட்டிப் பணிய வைத்தவை, குடியேற்ற ஆதிக்கத்தின் ஆரம்ப வடிவம் என்று வாதிட்டார். இந்தோனேசியாவின் செமராங்கில் அவர் பெயரால் ஒரு சீனக் கோயில் இருக்கிறது. சுரபாயாவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

ஏழாம் பயணம் 1431இல் தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது. அந்தப் பயணத்தில் கோழிக்கோட்டிலிருந்து ஏழு பேர் மக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓராண்டுக்குப் பின் கஃபாவின் படம் ஒன்றோடு திரும்பினார்கள். தந்தையும் பாட்டனாரும் போன மக்காவுக்கு ஜெங் ஹே போனதாக எந்தப் பதிவும் இல்லை. 1433இல் திரும்பும் வழியில் அவர் வஃபாத்தானார், கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. நான்ஜிங் அருகே ஒரு குன்றில் அவருக்கென்று கப்ரு கட்டியிருக்கிறார்கள். அது வெறுமையானது என்கிறார்கள்.