19 ஆண்டுக்குப் பின் ஒரே மேடை! பாடகர் ஜோ ஸ்டிரம்மரின் வாழ்க்கை

லண்டன் நகரின் மேற்கே ஆக்டன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள நகர மண்டபத்தில் 2002-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி இரவு ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது.

இங்கிலாந்தில் அப்போது தீயணைப்புப் படையினர் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டவே அந்தக் கச்சேரி. பாடியவர் ஜோ ஸ்டிரம்மர். அவருக்கு வயது 50.

கச்சேரி முடியும் நேரம். பார்க்க வந்தவர்களில் ஒருவர் விறுவிறு என்று மேடை ஏறினார். ஒரு கித்தாரை எடுத்துத் தோளில் மாட்டினார். ஜோவின் பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார்.

அவர் மிக் ஜோன்ஸ். ஜோவின் பழைய கூட்டாளி. 19 ஆண்டுகளுக்கு முன் ஜோவே தன் கோஷ்டியில் இருந்து வெளியேற்றிய நண்பர்!

அந்த இரவுக்குப் பிறகு ஜோ 37 நாட்கள்தான் உயிரோடு இருந்தார்.

லக்னோவில் பிறந்த தந்தை

ஜோவின் இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, துருக்கி நாட்டின் தலைநகரான அங்காராவில் பிறந்தார்.

தந்தை ரொனால்டு மெல்லர் இந்தியாவில், லக்னோ நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். தாய் அன்னா, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குடியானவர் வீட்டுப் பெண். நர்சு வேலை பார்த்தவர்.

தந்தைக்கு அடிக்கடி ஊர் மாற்றம். அங்காராவில் இருந்து கெய்ரோ. அங்கிருந்து மெக்சிகோ. பிறகு ஜெர்மனி. குடும்பமும் கூடவே போயிற்று.

ஜானுக்கு 9 வயது ஆனபோது, அவரையும் அண்ணன் டேவிட்டையும் இங்கிலாந்தில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெற்றோர் கடல் கடந்த நாட்டில் இருந்தார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பிள்ளைகள் அவர்களைப் பார்க்க முடிந்தது. அந்தத் தனிமையில் சிறுவன் ஜானுக்குத் துணையாக இருந்தது ரேடியோவில் கேட்ட பாட்டு.

1970-ம் ஆண்டில் பேரிடி விழுந்தது. அண்ணன் டேவிட் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். உடலைப் பார்த்து அடையாளம் காட்ட வேண்டிய பொறுப்பு தம்பியின் தலையில் விழுந்தது. அப்போது ஜானுக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை.

சுரங்கப் பாதையில் பாட்டு

லண்டனில் ஓவியக் கல்லூரி ஒன்றில் ஜான் சேர்ந்தார். படிப்பு நிலைக்கவில்லை. பிடில் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு பூமிக்கு அடியில் ஓடும் ரெயில் நிலையங்களுக்குப் போனார். நண்பர் வாசிப்பார். ஜான் வழிப்போக்கர்களிடம் காசு வாங்குவார். பிறகு தானும் ஒரு சிறிய நரம்பு வாத்தியம் வாங்கி வாசிக்கக் கற்றார்.

அடுத்து வேல்ஸ் நாட்டில் உள்ள நியூபோர்ட் நகருக்குப் போனார். வயிற்றுப் பிழைப்புக்காக அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலை பார்த்தார்.

1974-ம் ஆண்டு லண்டனுக்குத் திரும்பினார். காலியாகக் கிடந்த ஒரு பழைய வீட்டில் நண்பர்களோடு குடியேறினார். அந்த வீட்டின் கதவு எண் 101. அந்த எண்ணையே பெயராக வைத்து ஒரு இசைக் கோஷ்டி அமைத்தார்.

ஜோ ஸ்டிரம்மர் என்ற பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். கித்தாரின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி வாசிக்கும் திறமை அவருக்கு இல்லை. எல்லாத் தந்திகளையும் ஒரே அடியாக அடித்து வாசிப்பார். அப்படி வாசிப்பவரை ஆங்கிலத்தில் ஸ்டிரம்மர் என்பார்கள். தன் குறையையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார்!

மோதல் என்று ஒரு கோஷ்டி

1976-ம் ஆண்டு. இங்கிலாந்தில் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காத காலம். அவர்களுடைய கோபத்தில் இருந்து ஒரு புதிய இசை பிறந்தது. அதுதான் பங்க் இசை. பெரிய வித்துவான்தான் பாட வேண்டும் என்பது அதில் இல்லை. நாலு சுரம் தெரிந்தால் போதும். வேகமாகவும் உரக்கவும் உண்மையாகவும் பாட வேண்டும். அவ்வளவுதான்.

ஜோவின் குரலைக் கேட்ட இரண்டு இளைஞர்கள் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் மிக் ஜோன்ஸ். மற்றவர் பால் சிமனன். கோஷ்டிக்கு கிளாஷ் என்று பெயர் வைத்தார்கள். மோதல் என்பது அதன் பொருள். 1976-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஷெபீல்டு நகரில் முதல் கச்சேரி நடந்தது.

ஜோவும் மிக்கும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள். பெரும்பாலும் ஜோ வரிகளை எழுதுவார். மிக் மெட்டு அமைப்பார். வேலை இல்லாதவன் படும் பாட்டையும், கறுப்பு இனத்தாருக்கு நடக்கும் அநியாயத்தையும் அவர்கள் பாடினார்கள். 1978-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, நிறவெறியை எதிர்த்து லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த பெருங்கூட்டத்திலும் பாடினார்கள்.

ரசிகர்களுக்கு அறையில் இடம்

கிளாஷ் கோஷ்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க் கச்சேரிக்கு வந்து, ஊர் திரும்ப வண்டி இல்லாமல் நிற்கும் ரசிகர்களைத் தங்கள் ஓட்டல் அறைக்கே அழைத்துப் போவார்கள். தரையில் படுக்க இடம் கொடுப்பார்கள்.

1979-ம் ஆண்டு டிசம்பரில் லண்டன் காலிங் வெளிவந்தது. அதில் இரண்டு இசைத்தட்டுகள். விலையோ ஒன்றின் விலை. அடுத்த ஆண்டு மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு தொகுதியைக் குறைந்த விலையில் வெளியிட்டார்கள். அதற்காகத் தங்களுக்கு வரவேண்டிய பங்குப் பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள்.

1981-ம் ஆண்டு நியூயார்க் நகரில் 8 கச்சேரிகள் நடத்த ஏற்பாடு ஆகியிருந்தது. மண்டபம் தாங்காத அளவுக்கு டிக்கெட் விற்றுவிட்டார்கள். தீயணைப்பு அதிகாரிகள் தலையிட்டுக் கூட்டத்தைக் குறைக்கச் சொன்னார்கள். டிக்கெட் வாங்கிய எவரும் ஏமாறக்கூடாது என்று கிளாஷ் கோஷ்டி முடிவு செய்தது. 8 கச்சேரிக்குப் பதில் 17 கச்சேரி நடத்தியது!

நண்பனை நீக்கினார்

புகழ் வளர்ந்தது. கூடவே சண்டையும் வளர்ந்தது. 1983-ம் ஆண்டு செப்டம்பரில் மிக் ஜோன்சைக் கோஷ்டியில் இருந்து நீக்கினார்கள். அதற்கு ஜோவும் உடன்பட்டார்.

தன் வாழ்நாளில் செய்த பெரிய தவறு இதுதான் என்பது பின்னால் ஜோவுக்குப் புரிந்தது. மெட்டுப் போடும் கையை வெட்டிவிட்டு, வாய் மட்டும் எத்தனை நாள் பாடும்?

ஆனாலும் ஒரு முயற்சி செய்து பார்த்தார். 1985-ம் ஆண்டு மே மாதம், மின்சாரக் கித்தார்களை வைத்துவிட்டு, சாதாரணக் கித்தார்களோடு கோஷ்டி கிளம்பியது. வடக்கே ஊர் ஊராகப் போய்த் தெருவிலும் பாலத்தின் அடியிலும் பாடினார்கள். கிடைத்த காசில் சாப்பிட்டார்கள். ரசிகர்கள் வீட்டில் படுத்தார்கள். ஒரு காலத்தில் ரசிகர்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு இப்போது ரசிகர்கள் இடம் கொடுத்தார்கள். அந்தத் தெருப் பாட்டுகளைச் சில ரசிகர்கள் கேசட்டில் பதிவு செய்தார்கள். அவை கைக்குக் கை மாறின.

அதன்பின் ஜோ, மிக்கைத் தேடி பகாமா தீவுக்கே போனார். மீண்டும் சேரலாம் என்று அழைத்தார். மிக் அதற்குள் சொந்தக் கோஷ்டி அமைத்துவிட்டார். அவர் வரவில்லை. நட்பு திரும்பியது. ஆனால், பழைய மேடை திரும்பவில்லை. சிறிது காலத்தில் கிளாஷ் கோஷ்டி கலைந்தது.

கையால் எழுதிய நோட்டீசு

1989-ம் ஆண்டு ஜோ தனியாக ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அது சரியாக விற்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பிறகு பத்து ஆண்டு, பெரும்பாலும் மௌனம். சில சினிமாப் படங்களுக்கு இசை அமைத்தார். சில படங்களில் நடித்தார். சொந்தக் கோஷ்டி இல்லை.

1999-ம் ஆண்டு மெஸ்கலேரோஸ் என்ற புதிய கோஷ்டியோடு மீண்டும் புறப்பட்டார். முதல் கச்சேரி அதே ஷெபீல்டு நகரில்!

இப்போது பெரிய மைதானங்கள் இல்லை. சிறிய மண்டபங்கள்தான். அந்தக் கடைசி ஆண்டுகளின் சுற்றுப்பயணத்தை நண்பர் டிக் ரூடு படம் பிடித்தார். அதில் ஒரு காட்சி. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை. தன் கச்சேரிக்கான நோட்டீசைத் தானே கையால் எழுதி, போவோர் வருவோரிடம் ஜோ கொடுக்கிறார். அவர் யார் என்றே தெரியாமல் பலர் போகிறார்கள். உலகப் புகழ் பெற்றவர் வெட்கப்படவில்லை. அடுத்த ஆளிடம் நோட்டீசை நீட்டுகிறார்.

கடைசிப் பரிசு

இப்படி வந்ததுதான் ஆக்டன் இரவு. முன்கூட்டிப் பேசி வைத்து மிக் மேடை ஏறவில்லை. பழைய கிளாஷ் பாட்டு ஒன்றைக் கேட்டதும் அவரால் கீழே நிற்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து மூன்று பாட்டுகள் வாசித்தார்கள். மீண்டும் சேரச் சொல்லி எத்தனையோ பேர் அழைத்தபோது நடக்காதது, தீயணைப்புத் தொழிலாளருக்காக நடந்த கச்சேரியில் நடந்தது.

டிசம்பர் 22-ந் தேதி, சாமர்செட் மாவட்டத்தில் உள்ள தன் வீட்டில் ஜோ திடீர் என்று இறந்தார். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. 50 ஆண்டும் அது யாருக்கும் தெரியவில்லை. இறுதிச் சடங்கில் தீயணைப்புப் படையினர் சீருடையில் வந்து மரியாதை செலுத்தினார்கள்.

வீட்டுக் கொட்டகையில் அவர் சேர்த்து வைத்திருந்த டேப்புகளும் எழுத்துகளும் படங்களும் 20 ஆயிரத்துக்கு மேல். அவர் பெயரால் தொடங்கிய அறக்கட்டளை இளம் பாடகர்களுக்கு உதவி செய்கிறது. ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரில் ஒரு சதுக்கத்துக்கு 2013-ம் ஆண்டு அவர் பெயர் சூட்டினார்கள்.

ஆக்டன் கச்சேரியின் ஒலிப்பதிவு 2012-ம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் கண்டதை இன்று யாரும் காதால் கேட்கலாம். பிரிந்த இரண்டு நண்பர்கள், நேற்றுத்தான் விட்ட இடத்தில் இருந்து தொடங்குவதுபோல், மறுபடியும் சேர்ந்து வாசிக்கிறார்கள்.

செய்த தவறைத் திருத்திக்கொள்ள எல்லோருக்கும் காலம் கிடைப்பதில்லை. ஜோவுக்கு மூன்று பாட்டு நேரம் கிடைத்தது.