கல் பெண்களுக்கு மையில் கொலுசு மாட்டிய நாமக்கல்காரர்

செவ்வாய்ப்பேட்டையில கொலுசு வாங்கியிருக்கீங்களா? பட்டறையில ஒவ்வொரு முத்தா வெச்சுப் பத்தவைக்கிறதைப் பார்த்திருந்தா, இவரோட பொறுமை உங்களுக்குப் புரியும். கோயில் சிற்பங்கள்ல இருக்கிற பெண்களைக் கொலுசு, கொண்டை, ஒட்டியாணம்னு எதையும் விடாம மையில் வரைஞ்ச ஓவியர் சில்பி. நம்ம பக்கத்து நாமக்கல்காரர்!

1919-ல் பிறந்தவர். சொந்தப் பெயர் சீனிவாசன். இந்தப் பையனைச் சென்னை ஓவியப் பள்ளிக்கு அனுப்புங்கன்னு வீட்டுல சொன்னது யார் தெரியுமா? நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞரும் ஓவியர்தானே, கண்டுபிடிச்சுட்டார். அங்கே மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிதான் முதல்வர். படிப்பு முடிஞ்சு ஆனந்த விகடனுக்கு வந்தவருக்கு, ஓவியர் மாலி வெச்ச பேர்தான் சில்பி.

அப்புறம் பல வருஷம் ஒரே வேலை. 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாப் போய், சிலைக்கு முன்னாடியே உட்கார்ந்து வரைஞ்சார். அப்போதான் கேமரா இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருட்டு மண்டபத்துல ஃப்ளாஷ் அடிச்சா சிலை தட்டையாயிடும். கருவறைக்குள்ள கேமராவே கூடாது.

அவர் வரைஞ்ச ஒரு பெண் சிற்பத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. ஒசிஞ்ச இடுப்புக்கு மெல்லிசா ஒரு பேனாக் கோடு. பின்னாடி நிழலுக்குத் தண்ணீர் கலந்த மை, 'வாஷ்'னு சொல்வாங்க. கன்னத்துல விழுற வெளிச்சம்? அது சும்மா விட்ட வெறும் பேப்பர்தான். கல்லோட கனமும் தெரியும், பெண்ணோட நளினமும் தெரியும். இன்னிக்கு 'வின்டேஜ்' ஃபில்டர் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி வழவழன்னு ஆக்கிடுது. இவர் பெண்கள்ல ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை.

1983-ல் சில்பி காலமானார். படங்கள் இன்னும் வாட்ஸ்அப்ல சுத்துது. எனக்கு வந்த அம்மன் படத்துல, அவர் கையெழுத்து இருந்திருக்க வேண்டிய மூலையையே யாரோ வெட்டியிருந்தாங்க. உங்களுக்கு வந்தா, ஃபார்வர்டு பண்றப்போ பேரையும் டைப் பண்ணிடுங்க.

சேலத்துல இருந்தா ஒரு ஞாயிறு தாரமங்கலம் போங்க. கைலாசநாதர் கோயில் ரதி சிலை முன்னாடி பென்சிலோட பத்து நிமிஷம் உட்காருங்க. முதல்ல அந்தக் கொலுசை மட்டும் வரைஞ்சு பாருங்களேன்.