ஒற்றைக் காலில் நிற்கும் பறவை சும்மா நிற்கவில்லை: கடற்கரைப் பறவைகளும் சலீம் அலியும்

காரைக்கால் பீச்சுக்கு ஜனவரி மாதத்தில் ஒரு நாள் காலையில் போங்க. அரசலாறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஈர மணலில் சின்னச் சின்னப் பறவைகள் கூட்டமாக நிற்கலாம். சில ஒற்றைக் காலில் நிற்கும். சில அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி வைத்திருக்கும். யாராவது ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவார். மொத்தப் பறவைகளும் எழும்பிப் பறக்கும். பதினைந்து செகண்ட் ரீல்ஸ் ரெடி.

அந்தப் பதினைந்து செகண்டுக்குப் பறவை கொடுத்த விலை என்ன? இதைப் புரிந்துகொள்ள, இந்தியாவில் பறவைகளை எண்ணி, எடைபோட்டு, காலில் வளையம் மாட்டி அனுப்பும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கிவைத்த ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளணும். அவர்தான் சலீம் அலி.

துப்பாக்கியில் தொடங்கிய கதை

1896 நவம்பர் 12-ம் தேதி மும்பையில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும். வளர்த்தது தாய்மாமா அமீருதீன் தயாப்ஜி. மாமா நல்ல வேட்டைக்காரர்.

பத்து வயது வாக்கில் சலீம் தன் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. வழக்கமான குருவி மாதிரி இல்ல. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் தெரியல. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு பையனைத் திட்டி விரட்டவில்லை. அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சலீம் அலியின் வாழ்க்கை திரும்பியது அந்த அறையில்தான்.

டிகிரி இல்லை, வேலையும் இல்லை

கேட்க நன்றாக இருந்தாலும் பாதை சுலபமா இல்ல. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைப் பார்த்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் எதிர்பார்த்த வேலை கைநழுவியது. 1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது.

1929-ல் ஜெர்மனி போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற புகழ்பெற்ற பறவையியலாளரிடம் படித்தார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையைக் கற்றுக்கொண்டார். 1930-ல் ஊர் திரும்பினால், அருங்காட்சியக வேலை போயிருந்தது. காரணம் நிதி இல்லை.

வேலை இல்லாத அந்த நாட்களில் மும்பைக்குப் பக்கத்தில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் குடியேறும், பிறகு ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும். இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அடுத்து சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: செலவை மட்டும் கொடுங்க, உங்க பகுதிப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன். ஐதராபாத், திருவிதாங்கூர் என்று ஊர் ஊராக முகாம் போட்டார். தெஹ்மினாவும் கூடவே போனார். 1939-ல் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது முதல் புத்தகம் வந்தது. இன்றைக்கும் பலர் பறவை பார்க்கத் தொடங்குவது அந்தப் புத்தகத்தோடுதான்.

காலில் ஒரு வளையம்

1957-ல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டுப் பகுதியில் ஒரு புது வைரஸ் காய்ச்சல் பரவியது. உண்ணி மூலம் பரவும் இந்த நோயை வலசைப் பறவைகள் கொண்டுவருகின்றனவா என்ற கேள்வி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிதியில், 1959-ல் சலீம் அலி தலைமையில் பெரிய அளவில் வளையமிடும் திட்டம் தொடங்கியது. அப்போது அவருக்கு 60 வயதைத் தாண்டியிருந்தது.

வேலை எளிமையானதுதான். வலையில் பறவையைப் பிடிக்கணும், எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டணும், இறக்கையை அளந்து எடை போட்டு விட்டுடணும். வேறு எங்காவது அதே பறவை கிடைத்தால் அதன் பாதை தெரிந்துவிடும். இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் அன்றைய சோவியத் யூனியனிலும் கிடைத்தன.

காரைக்காலில் இருந்து தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை. இந்த இடத்தின் அருமையை உணர்ந்தவர்களில் சலீம் அலி முக்கியமானவர். 1967-ல் அது சரணாலயமானது. அவரது சங்கம் அங்கே பல வருடங்கள் வளையமிடும் பணியைச் செய்தது.

தூக்கத்துக்கும் சக்திக்கும் என்ன தொடர்பு?

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை 25 கிராம் அளவுதான். ஆறேழு ஒரு ரூபாய் காசைக் கையில் வைத்த மாதிரி. அது ஆர்க்டிக் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம்ம கரைக்கு வருது. திரும்பிப் போகும் முன் சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பில் கொழுப்பைச் சேர்க்கணும். அதுதான் பெட்ரோல்.

சேர்த்ததை வீணாக்காமல் வைத்திருக்க உதவுவது ஓய்வு. ஒரு இரவு விழித்திருப்பதோடு ஒப்பிட்டால், தூங்கும் மனிதன் மிச்சம்பிடிக்கும் சக்தி ரெண்டு மூணு இட்லி அளவுதான். அதனால் தூக்கத்தின் வேலை சக்தி சேமிப்பு மட்டும் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் சின்ன உடம்பு வெப்பத்தை வேகமாக இழக்கும். அங்கே ஒவ்வொரு துளி சேமிப்பும் கணக்கு. அலகைச் சிறகுக்குள் செருகுவதும், ஒரு காலை மடக்கி வைப்பதும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் வழிகள்.

சலீம் அலி காலத்துக்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் சில விஷயங்களைக் காட்டின. 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வரிசையாகத் தூங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பவை மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டு, வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. 2016-ல் வெளியான இன்னொன்றில், நாள்கணக்கில் கடல்மேல் பறந்த கடற்கூழைக்கடா வகைப் பறவைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம் மட்டுமே தூங்கின. தரைக்கு வந்ததும் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கின. பூநாரை ஒற்றைக் காலில் நிற்கத் தசை வலுவே கிட்டத்தட்டத் தேவையில்லை என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள்.

கடலோரப் பறவைகளுக்கு இன்னொரு சிக்கல். நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடணும், நீர் ஏறும்போது ஓய்வெடுக்கணும். அவற்றின் தூக்கத்தை முடிவு செய்வது இரவு பகல் மட்டும் இல்லை, கடலும்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் விரட்டினால், பிறகு தூங்கிக்கலாம் என்று அவை விடமுடியாது. எழும்பிப் பறக்க, சும்மா நிற்பதைவிடப் பல மடங்கு சக்தி செலவாகும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது பிளக்கைப் பிடுங்குவது மாதிரி.

கடைசி வரை

டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து 10 தொகுதிகளில் இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பதிவு செய்தார் சலீம் அலி. 1958-ல் பத்ம பூஷண், 1976-ல் பத்ம விபூஷண். 1985-ல் மாநிலங்களவை உறுப்பினர். சைலண்ட் வேலி காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். 1987-ல், 90 வயதில் காலமானார். கோவையில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

பறவையைச் சுட்ட பையன்தான் பின்னாளில் வளையம் மாட்டி உயிரோடு பறக்கவிட்டவர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த தடவை பீச்சில் பறவைக் கூட்டத்தைப் பார்த்தால் தள்ளி நின்று ஜூம் பண்ணுங்க. தூங்கும் பறவை தலையைத் தூக்கினாலோ, மடக்கிய காலைக் கீழே வைத்தாலோ, நீங்க கொஞ்சம் கிட்ட வந்துட்டீங்க என்று அர்த்தம். ரெண்டு அடி பின்னால் போனால் போதும். அது பாட்டுக்குத் தூங்கும்.