அருகில் நின்ற குருவானவர்



வின்சென்ட் கப்போடானோ அடிகளார் 1929இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தார். 1958இல் மேரிநோல் சபையின் குருவாகி, தாய்வானில் மறைப்பணியாற்றினார். பின்னர் கடற்படைக் குருவாக, 1966இல் மரைன் வீரர்களோடு வியட்நாம் சென்றார். ஆயுதம் ஏந்தாது அவ்விளைஞர்களோடு உண்டு உறங்கி, அவர்களது அச்சத்திலும் பங்குகொண்டார். ஓராண்டு முடிந்ததும் வீடு திரும்பியிருக்கலாம். அவரோ பணிக்காலத்தை நீடிக்குமாறு கேட்டுப் பெற்றார்.

1967 செப்டெம்பர் 4. குவே சோன் பள்ளத்தாக்கில் கடுஞ்சமர். மரிப்போருக்கு இறுதி அருளடையாளமும் காயமுற்றோருக்கு முதலுதவியும் வழங்கியபடி களத்தில் நடந்தார் அடிகளார். எறிகணை வெடித்து அவரது வலக்கையின் ஒரு பகுதியைத் துண்டித்தது. தமக்குச் சிகிச்சையை மறுத்து, மருத்துவ உதவியாளர்களை மற்றவர்களிடம் அனுப்பினார். அவர்களுள் ஒருவர் இயந்திரத் துப்பாக்கியின் எதிரே காயமுற்றுக் கிடக்கக் கண்டு விரைந்தார். அவரை எட்டுமுன்னே குண்டுகள் பாய, 38ஆவது வயதில் உயிர்துறந்தார். 2006இல் இறை ஊழியராக அறிவிக்கப்பட்டார்.

அப்போரை நிறுத்த அவரால் இயலவில்லை. துன்புறுவோர் அருகில் நிற்க இயன்றது. நம்மாலும் பிறர் நோயை நீக்க இயலாதிருக்கலாம். ஆயினும், உங்கள் இல்லத்திலோ அயலிலோ தனித்துத் துன்புறுபவர் யார்? இவ்வாரம் அவர் அருகில் சற்று அமருங்கள்.