பன்னிரண்டு படுக்கைகள்

நெடுநாளாகப் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிச் செவிலியர் வருவதை மட்டாஞ்சேரியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் புண்ணைக் கழுவி மருந்திடுவார். உடனே புறப்பட்டுவிடாமல் நோயாளியின் அருகே அமர்ந்து பேசுவார். வீட்டாரின் அச்சத்தையும் கேட்பார். தீராத நோயிலும் துன்பத்தைத் தணிக்கும் இப்பணியைக் கேரளத்தில் பாலியேட்டிவ் என்பர். இச்சொல் நம்மிடையே வழங்காத காலத்தில், புற்றுநோயாளிகளுக்கென ஓர் இடம் வேண்டுமென்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முயன்றவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

இவர் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக விளங்கினார். அவ்வை இல்லத்தை நிறுவினார். அவற்றைத் தனிப்பாடமாகவே எழுதலாம்.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். தமக்கை மருத்துவராய் இருந்தும் அவரைக் காக்க இயலவில்லை. அத்துன்பத்தை அருகிருந்து கண்ட முத்துலட்சுமி அதனை மறக்கவில்லை. மேற்படிப்புக்காக இலண்டன் சென்றபோது, புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையை அங்குக் கண்டார்.

அந்நாளில் இந்நோய் தொற்றும் என்று பலர் அஞ்சினர். அதன் பெயரை நோயாளியிடம் கூறமாட்டார்கள். அறைக்கு வெளியே தாழ்ந்த குரலில் பேசுவார்கள். (இன்றும் சில வீடுகளில் அவ்வாறே.) உள்ளே படுத்திருப்பவரோ, மறைக்கப்படுவதை உணர்ந்தும் எவரையும் கேட்க இயலாமல் தனித்திருப்பார். வலியினும் கொடியது அத்தனிமை. தீராத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமும் பரவலாக இருந்தது.

1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் முத்துலட்சுமி தம் கருத்தை வெளிப்படையாக அறிவித்தார். உடனடியாகப் பயன் விளையவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதில் இருந்தவை 12 படுக்கைகளே. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். மறு ஆண்டு இளம் மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார். 1968இல் முத்துலட்சுமி மறைந்த பின்னரும் சாந்தா அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை. 2021இல் தாம் மறையும்வரை மருத்துவமனை வளாகத்திலேயே, நோயாளிகளுக்கு அருகிலேயே வாழ்ந்தார்.