கூரைக்கு மேல கம்பி, கூரைக்குக் கீழ பாலிசி

பெஞ்சமின் பிராங்க்ளின்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது பட்டமும் மின்னலும்தான். அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆரம்பிச்சவர்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

1706-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள். பத்து வயசோட ஸ்கூல் முடிஞ்சுபோச்சு. 12 வயசுல அண்ணனோட அச்சகத்தில் வேலை கத்துக்கச் சேர்ந்தார். 17 வயசுல அங்கிருந்து ஓடி பிலடெல்பியா வந்தார். சில வருஷத்தில் சொந்த அச்சகம், சொந்தப் பத்திரிகைன்னு வளர்ந்துட்டார்.

அந்த ஊரில் பெரிய பயம் தீதான். வீட்டுக்கு வீடு அடுப்பு. எரியுற கரியைக் கரண்டியில் எடுத்துக்கிட்டு ரூம் ரூமா போவாங்க. மரச் சில்லுக் கூரையில் ஒரு பொறி விழுந்தா தெருவே போயிடும். இதைப் பத்தி 1735-ல் தன் பத்திரிகையில் எச்சரிச்சார். 1736 டிசம்பரில் நண்பர்களோட சேர்ந்து தீயணைப்புக் குழு தொடங்கினார். அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் அவரோட நாலு வயசுப் பையன் பெரியம்மையில் இறந்திருந்தான். அவனுக்கு அம்மை குத்தாம விட்டுட்டோமேன்னு கடைசி வரைக்கும் வருந்தினார்.

1752 முக்கியமான வருஷம். மின்னலும் மின்சாரமும் ஒண்ணுதான்னு காட்டின பட்டச் சோதனை அந்த வருஷம்தான். கூரை உச்சியிலிருந்து மண்ணுக்கு இறங்குற இடிதாங்கிக்கு அவர் பேடண்ட் எடுக்கவே இல்லை. அதே வருஷம் பிலடெல்பியா காண்ட்ரிபியூஷன்ஷிப் என்ற தீ இன்சூரன்ஸ் கம்பெனியும் பிறந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் பணம் போடுவாங்க; யார் வீடு எரிஞ்சாலும் அந்தப் பொதுப் பணத்திலிருந்து நஷ்டஈடு. ஆனா முதல்ல ஆள் போய் வீட்டைச் சர்வே பண்ணணும். ரிஸ்க் அதிகம்னா ரேட்டும் அதிகம். பின்னாடி, வாசலில் மரம் இருந்தா பாலிசியே கிடையாதுன்னு சொன்னாங்க. கடுப்பானவங்க 1784-ல் பச்சை மரத்தையே சின்னமா வெச்சு வேற கம்பெனி தொடங்கிட்டாங்க!

இன்னைக்குக் கூரை போடுற காண்ட்ராக்டர் பாலிசி எடுக்கப் போனாலும் இதே லாஜிக்தான். எவ்வளவு உயரத்தில் வேலை, சைட்டில் நெருப்பு வெச்சு வேலை செய்வாங்களான்னு பார்த்துத்தான் பிரீமியம் போடுவாங்க.

1790-ல் 84 வயசில் இறந்தார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதி வெச்சிருந்தார். தொழில் கத்து முடிச்ச, 25 வயசுக்குள்ள இருக்கிற, கல்யாணமான இளைஞர்களுக்குக் கடன் கொடுக்கணும். அந்தப் பணம் 200 வருஷம் சுழலணும். ஜாமீனுக்கு ரெண்டு பேர் வேணும்னும் எழுதியிருந்தார். அங்கேயும் ரிஸ்க்கை மறக்கலை!

பாஸ்டனில் அந்தப் பணத்திலிருந்து 1908-ல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாச்சு. பத்து வயசில் ஸ்கூலை விட்டவர் பேரில் இன்னைக்கும் அங்கே பசங்க படிக்கிறாங்க.